கேரி கிர்ஸ்டன் நல்ல பயிற்சியாளரா, நல்ல அணி கிடைத்தவரா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: 2011இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றதற்காகக் கேரி கிர்ஸ்டனை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், ஆனால் அதே மனிதர் பயிற்சியாளராக இருந்தபோது ஐ.பி.எல்.லில் டெல்லியும் பெங்களூருவும் பட்டியலின் அடியில் கிடந்தன, பாகிஸ்தானிலிருந்து ஆறே மாதத்தில் விலகினார். அப்படியானால் அவர் நல்ல பயிற்சியாளரா, அல்லது நல்ல அணி கிடைத்த அதிர்ஷ்டக்காரரா? கேள்வி ஒருவரைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், ஓர் அணியின் வெற்றியில் பயிற்சியாளருக்கு எவ்வளவு பங்கு கொடுக்கலாம், அவர் மட்டையாளராக ஆடிய விதத்தை வைத்து அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு, அதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகளாகப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். எந்தச் சர்வதேச அணியின் ஓய்வறையிலும் நான் உட்கார்ந்ததில்லை. ஆகவே ஸ்கோர்கார்டில் உள்ளதை உறுதியாகவும், ஓய்வறைக்குள் நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்கள் சொன்ன அளவிலும், மற்றதை என் ஊகமாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

ஆட்டக்காரரிலிருந்து தொடங்க வேண்டும். கிர்ஸ்டன் 1967 நவம்பரில் கேப் டவுனில் பிறந்தவர். அப்பா நியூலாண்ட்ஸ் மைதானத்தின் பராமரிப்பாளர். ஒரே அப்பாவுக்கு வேறு தாய் வழியில் பிறந்த அண்ணன் பீட்டர் கிர்ஸ்டன் அவருக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் பெயர் பெற்ற மட்டையாளர். இப்படி மைதானத்துக்குள்ளேயே வளர்ந்தும், நாட்டு அணிக்குள் அவர் அழைப்பின் பேரில் நுழையவில்லை. 1993 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் போன அணியில் பிரையன் மக்மில்லன் காயமடைந்ததால் மாற்று ஆளாக விமானம் ஏறினார். மெல்பர்னில் முதல் டெஸ்ட். அடுத்த டெஸ்டில், தென்னாப்பிரிக்கா 5 ரன்னில் வென்ற அந்தப் புகழ்பெற்ற சிட்னி ஆட்டத்தில், அவர் எடுத்தது 67, 41. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது கடைசி நாளில் ஃபேனி டி வில்லியர்ஸ் வீசிய பந்துகளைத்தான். அந்த இரண்டு இன்னிங்ஸை யாரும் பேசுவதில்லை. அவருடைய ஆட்ட வாழ்க்கை முழுக்கக் கிட்டத்தட்ட அப்படித்தான் போனது.

கண்ணுக்கு அழகான ஆட்டம் அல்ல அது. இடக்கை, குட்டையான உடல்வாகு, ஆஃப் பக்கம் ஒரு கட், லெக் பக்கம் ஒரு புல், சுழலுக்கு ஸ்வீப். இவை போக மிச்ச நேரமெல்லாம் பந்தை விடுவது. தனக்கு வராத ஷாட்டை அவர் ஆடிப் பார்த்ததே அரிது. முடித்தபோது கணக்கு 101 டெஸ்ட், 7,289 ரன், சராசரி 45க்குச் சற்று மேல், 21 சதம்; ஒருநாள் ஆட்டத்தில் 185 போட்டிகள், 6,798 ரன், 13 சதம். நூறு டெஸ்ட் ஆடிய முதல் தென்னாப்பிரிக்கரும் அவரே, அன்றைக்கு டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த மற்ற ஒன்பது நாடுகளுக்கு எதிராகவும் சதம் அடித்த முதல் மட்டையாளரும் அவரே. 1996இல் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் போட்டார். ஆனால் அந்த டெஸ்டைச் சொன்னால் நமக்கு நினைவுக்கு வருவது அசாருதீனின் 74 பந்துச் சதமும், முதல் டெஸ்டிலேயே எட்டு விக்கெட் எடுத்த க்ளூஸ்னரும். ஆட்டத்தை ஜெயித்ததோ கிர்ஸ்டனின் அணி.

அவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு இன்னிங்ஸ் போதும் என்றால் 1999 டிசம்பரில் டர்பனில் ஆடியதைச் சொல்வேன். இங்கிலாந்து 366 ரன்னுக்கு டிக்ளேர் செய்ய, தென்னாப்பிரிக்கா 156க்குச் சுருண்டு ஃபாலோ-ஆன் வாங்கியது, அதாவது உடனே மறுபடி மட்டை பிடிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது இன்னிங்ஸில் இறங்கிய கிர்ஸ்டன் 878 நிமிடங்கள், அதாவது பதினான்கரை மணி நேரத்துக்கும் மேல், களத்தில் நின்று 275 எடுத்தார். அதுவரை டெஸ்ட் வரலாற்றில் அதைவிட நீளமாக நின்றது 1958இல் பிரிட்ஜ்டவுனில் ஹனீப் முகமது ஆடிய 970 நிமிட இன்னிங்ஸ் ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு ரன் எடுத்திருந்தால்கூட நாட்டுச் சாதனை அவர் பெயரில் தனியாக நின்றிருக்கும். டாரில் கல்லினனின் 275ஐச் சமன் செய்த இடத்திலேயே ஆட்டமிழந்தார். ஆட்டம் டிரா. எனக்கு இதில் பிடித்தது ரன்னின் அளவு அல்ல. அணி தோற்கும் நிலையில் இருக்கும்போது, கைதட்டு எதுவும் எதிர்பார்க்காமல், அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து என்று இரண்டரை நாளைக் கழிக்க ஒருவரால் முடிகிறது என்பதுதான். 2003இல் லாகூரில் ஷோயப் அக்தரின் பவுன்சர் முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. அடுத்த டெஸ்டில் ஃபைசலாபாத்தில் அதே பாகிஸ்தானுக்கு எதிரே 54, 118. கடைசி டெஸ்ட் 2004இல் வெலிங்டனில். 234 ரன் துரத்தலில் கிரீம் ஸ்மித்தோடு நின்று 76 எடுத்து அணியைக் கரைசேர்த்துவிட்டு மட்டையை வைத்தார்.

இப்போது பயிற்சிப் பக்கம். 2007 இறுதியில் இந்திய வாரியம் அவரைத் தேர்ந்தெடுத்தபோது எந்தப் பெரிய அணிக்கும் அவர் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. அந்த நேர்காணலைப் பற்றிக் கிர்ஸ்டனே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்னது இது: தான் விண்ணப்பமே போடவில்லை, அழைப்பு சுனில் கவாஸ்கரிடமிருந்து மின்னஞ்சலில் வந்ததை ஏதோ ஏமாற்று என்று நினைத்தார், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய் உட்கார்ந்தார், ஏழு நிமிடத்தில் பேச்சு முடிந்தது, கையில் கொடுத்த ஒப்பந்தத்தில் முன்னவர் கிரெக் சாப்பலின் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. அதில் எவ்வளவு கதைசொல்லியின் மெருகு என்று நாம் அளக்க முடியாது. ஆனால் அந்த முன்னவரின் பெயர் முக்கியம். மட்டையாளராக வைத்துப் பார்த்தால் சாப்பல் கிர்ஸ்டனைவிடப் பல படி மேலே: 87 டெஸ்டில் 24 சதம், சராசரி 53க்கு மேல். அவர் காலத்தில் கங்குலி அணிக்கு வெளியே போனதும், டெண்டுல்கர் விருப்பமில்லாமல் நான்காம் இடத்துக்கு இறக்கப்பட்டதும், 2007 உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றோடு திரும்பியதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பெரிய மட்டையாளர் பெரிய பயிற்சியாளர் ஆவார் என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு நம் கண்முன் நடந்ததில்லை.

2008 மார்ச்சில் பொறுப்பேற்ற கிர்ஸ்டனுக்கு முதல் டெஸ்ட் நம் சேப்பாக்கத்தில்தான், அதுவும் அவருடைய சொந்த நாட்டுக்கு எதிராக. சேவாக் 319 அடித்த ஆட்டம். முச்சதம் அடிக்கும் சேவாக்குக்கு, பந்தை விட்டுவிட்டே வாழ்ந்த ஒரு மனிதர் என்ன சொல்லிக்கொடுத்திருக்க முடியும் என்று அப்போது நாங்கள் கிண்டலாகப் பேசிக்கொண்டோம். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் விடை என்று இப்போது நினைக்கிறேன். ஆட்டக்காரர்கள் பிற்பாடு சொன்னவற்றில் திரும்பத்திரும்ப வருவது இரண்டே விஷயம். ஒன்று, பயிற்சிக்கு வருவதையும் அதில் என்ன செய்வதென்பதையும் பெரும்பாலும் அவரவர் முடிவுக்கு விட்டார். இரண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட அளவுக்குப் பந்தை எறிந்தார்.

த்ரோடவுன் என்பதைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் அற்பமாக எண்ணுவார்கள். பதினாறு, பதினேழு கஜத்தில் நின்றுகொண்டு, பக்கத்தில் ஒரு வாளிப் பந்தை வைத்து, மட்டையாளர் கேட்கிற இடத்திலேயே குத்தும்படி மேல்கையால் எறிய வேண்டும். வெறும் எறிதல் அல்ல. அரை அடி முன்னே விழுந்தால் அவன் வேலை செய்துகொண்டிருக்கும் ஷாட் வேறாகிவிடும். நூறு பந்துக்குப் பிறகு தோள் கனக்கும். இருநூறைத் தாண்டினால் இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. இப்போது எங்கள் வலைக்குக்கூடப் பிளாஸ்டிக் எறிகோல் வந்துவிட்டது, அப்படியும் வாரத்தில் இரண்டு நாள் நான் தைலம் தேய்த்துக்கொள்கிறேன். இந்த வேலையில் இன்னொரு பயன் உண்டு. எறிபவர் பேசாமல் இருந்தாலும், ஒருவனின் தலை எப்போது சாய்கிறது, எந்தப் பந்துக்குக் கால் நகரவில்லை என்பதை அவரைப் போல யாரும் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான பந்தை டெண்டுல்கருக்கு எறிந்த ஒருவர் அவரைத் திருத்தவில்லை என்று சொல்லலாம், அறியவில்லை என்று சொல்ல முடியாது. தான் வந்தபோது டெண்டுல்கர் ஆட்டத்தில் மகிழ்ச்சி இழந்து, விலகிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார் என்று கிர்ஸ்டன் சொல்லியிருக்கிறார். பதிவேடு சொல்வது இது: மீண்டும் ஒருநாள் ஆட்டத்தில் தொடக்க இடத்தில் இறங்கிய டெண்டுல்கர் 2010 பிப்ரவரியில் குவாலியரில் 200 அடித்தார், அதே ஆண்டில் டெஸ்டில் 1,562 ரன், 7 சதம், 2011 உலகக் கோப்பையில் 482 ரன். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். பயிற்சி கொடுக்கத் தொடங்கிய புதிதில், பதினான்கு வயது இடக்கைப் பையன் ஒருவனின் ஸ்டான்ஸ், அதாவது பந்தை எதிர்கொள்ள நிற்கும் விதம், அளவுக்கு மீறித் திறந்திருப்பதாகப் பட்டு, அதை ஒரே மாதத்தில் மூடினேன். புத்தகப்படி நான் செய்தது சரி. அந்தப் பருவம் முழுக்க அவனுக்கு ஓர் அரைசதம்கூட வரவில்லை. அடுத்த பருவம் பழையபடி நிற்கச் சொன்ன பிறகுதான் ரன் வந்தது. திருத்தத் தெரிவது பயிற்சியாளனின் படிப்பில் உள்ளது. கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அதில் இல்லை. பந்தை விடுவதிலேயே பதினோரு ஆண்டு பழகிய கிர்ஸ்டனுக்கு அது இயல்பாக வந்திருக்கும் என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது, ஆனால் பிடிவாதமாக நம்புகிறேன்.

உறுதியான முடிவுகளைப் பார்ப்போம். அவருடைய மூன்றாண்டுகளில் இந்தியா இழந்த டெஸ்ட் தொடர் ஒன்றே ஒன்று, 2008இல் இலங்கையில், அஜந்தா மெண்டிஸ் நம்மைச் சுருட்டிய தொடர். 2009இல் நியூசிலாந்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு தொடர் வெற்றி. அதே ஆண்டு டிசம்பரில் டெஸ்ட் தரவரிசையில் முதன்முறையாக முதலிடம். 2010-11இல் தென்னாப்பிரிக்காவில் செஞ்சூரியனில் இன்னிங்ஸ் தோல்விக்குப் பிறகு டர்பனில் வென்று தொடரைச் சமன் செய்தது. 2011 ஏப்ரல் 2இல் வான்கடேயில் உலகக் கோப்பை. உங்கள் பக்கத்து வாதத்துக்கும் பலம் உண்டு: தோனியின் அணி 2007இல் டி20 உலகக் கோப்பையையும், 2008 மார்ச் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் முத்தரப்புத் தொடரையும் இவர் வருவதற்கு முன்பே, அல்லது வந்துகொண்டிருந்தபோதே, வென்றுவிட்டது. டெண்டுல்கர், திராவிட், லக்ஷ்மண், சேவாக், கம்பீர், ஜாகீர் எல்லோரும் கனிந்த நேரம். அதோடு இவர் காலத்தில் 2009, 2010 டி20 உலகக் கோப்பைகள் இரண்டிலும் இந்தியா அரையிறுதிக்குப் போகவில்லை. 2009 சாம்பியன்ஸ் டிராபியில் முதல் சுற்றையே தாண்டவில்லை. இதையும் கணக்கில் வைக்காமல் அவரைப் புகழ்வது நேர்மையல்ல.

அவர் போன பிறகு டங்கன் ஃப்ளெட்சரின் கீழ் கிட்டத்தட்ட அதே ஆட்டக்காரர்கள் இங்கிலாந்தில் 0-4, ஆஸ்திரேலியாவில் 0-4 என்று தோற்றதைச் சிலர் கிர்ஸ்டனின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது அரைச் சான்றாகத்தான் படுகிறது. திராவிட், லக்ஷ்மண் வயது ஏறிவிட்டது, ஜாகீர் முதல் டெஸ்டிலேயே காயப்பட்டார். கிர்ஸ்டன் இருந்திருந்தாலும் அந்தத் தொடர்கள் கைநழுவியிருக்கக் கூடும். மேலும் அந்த இங்கிலாந்தின் பயிற்சியாளர் ஆண்டி ஃப்ளவர், இன்னோர் இடக்கை மட்டையாளர், திறமையான நிர்வாகி. நம்மிடமிருந்து முதலிடத்தை எடுத்துக்கொண்ட அந்த அணியிடமிருந்து மறுவருடமே அதைப் பறித்தது யார் என்பதுதான் சுவாரசியம்.

குடும்பத்தைக் காரணம் சொல்லி இந்தியாவை விட்டுப் போன கிர்ஸ்டன் 2011 நடுவிலேயே தென்னாப்பிரிக்கப் பொறுப்பை ஏற்றார். முதல் டெஸ்டிலேயே நியூலாண்ட்ஸில், அப்பா பராமரித்த அதே மைதானத்தில், ஆஸ்திரேலியா 47க்கு ஆல் அவுட். 2012 ஆகஸ்டில் இங்கிலாந்தை அவர்கள் மண்ணில் 2-0 என வென்று முதலிடம். ஓவலில் ஹாசிம் ஆம்லா 311. ஆண்டு முடியும் முன் ஆஸ்திரேலியாவிலும் தொடர் வெற்றி. அந்தப் பயணத்தின் அடிலெய்டு டெஸ்டைத்தான் நான் பையன்களுக்குக் காட்டுவேன். தோல்வியைத் தவிர்க்க ஒரு நாளுக்கும் மேல் ஆட வேண்டிய நிலையில், முதல் டெஸ்ட் ஆடிய ஃபாஃப் டு பிளெஸ்ஸி 466 நிமிடம் நின்று 110 எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். ஏ.பி. டி வில்லியர்ஸ், ஆம், நமக்குத் தெரிந்த அதே டி வில்லியர்ஸ், 220 பந்தில் ஒரு பவுண்டரிகூட இல்லாமல் 33. ஓய்வறையில் உட்கார்ந்திருந்தவர் டர்பனில் 878 நிமிடம் நின்றவர். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று என்னால் காட்ட முடியாது. இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவும் மாட்டேன். அந்த அணியிலும் ஸ்மித், காலிஸ், ஸ்டெய்ன் என்று பெரும்படை இருந்தது உண்மை. ஆனால் இரண்டு வெவ்வேறு நாடுகளை டெஸ்ட் முதலிடத்துக்குக் கொண்டுபோனதை இரண்டு முறையும் அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோல்விகள் எங்கே வந்தன என்று கவனித்தால் ஒரு வடிவம் தெரியும். 2014இல் டெல்லி 14 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, கடைசி இடம், 2015இல் ஏழாவது, 2019இல் பெங்களூரு கடைசி. ஏலத்தில் சேர்ந்த ஆட்டக்காரர்கள், எட்டு வாரம், பாதி நேரம் பயணம். நம்பிக்கையை மெதுவாகச் சேர்த்து, ஆட்டக்காரனே விடை கண்டுபிடிக்கக் காத்திருக்கும் ஒருவருக்கு இதில் காத்திருக்க நேரமே கிடையாது. ஆனால் அதே ஐ.பி.எல்.லில் 2022இல் குஜராத் முதல் பருவத்திலேயே கோப்பை வென்றபோது அவர் மட்டைப் பயிற்சியாளராகவும் வழிகாட்டியாகவும் இருந்தார். தலைமைப் பயிற்சியாளர் 2011 அணியில் ஆடிய ஆசிஷ் நெஹ்ரா. மறுவருடம் சென்னைக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் நம் சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்தபோது, சென்னை ரசிகனாக வயிறு எரிந்தாலும், வாளியோடு வலையில் நிற்கும் வேலைக்குத் திரும்பிய கிர்ஸ்டனை நினைத்துக்கொண்டேன்.

பாகிஸ்தானை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. 2024 ஏப்ரலில் வெள்ளைப் பந்து அணிக்கு, அதாவது ஒருநாள், டி20 ஆட்டங்களுக்கு, நியமனம், ஐ.பி.எல். முடித்துவிட்டு அணியோடு சேர்ந்த சில நாட்களில் டி20 உலகக் கோப்பை, டல்லாஸில் அமெரிக்காவிடம் சூப்பர் ஓவரில் தோல்வி, நியூயார்க்கில் இந்தியாவிடம் 120 ரன் துரத்தலில் 6 ரன்னில் தோல்வி, முதல் சுற்றோடு வெளியே. அக்டோபரில் அணித் தேர்வில் பயிற்சியாளருக்கு இருந்த இடம் எடுக்கப்பட்டது, மாதம் முடியும் முன் விலகிவிட்டார். ஒருநாள் ஆட்டம் ஒன்றுகூட அவர் பயிற்சியில் அந்த அணி ஆடவில்லை. விதைத்தவனை அறுவடைக்கு முன் அனுப்பினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஏர் பூட்டவே விடவில்லை.

ஆகவே உங்களுக்கு என் பதில்: தான் யார் என்று ஏற்கெனவே தெரிந்த, முதிர்ந்த ஆட்டக்காரர்கள், இரண்டு மூன்று ஆண்டு அவகாசம், தோனி அல்லது ஸ்மித் போலக் களத்தில் முடிவெடுக்கும் தலைவர், இந்த மூன்றும் இருந்தால் கிர்ஸ்டனைவிட நல்ல பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை. ஒன்று குறைந்தாலும் சாதாரணமானவர்தான். ஓர் அணியை அடித்தளத்திலிருந்து கட்ட அவரைக் கூப்பிடுவீர்களா என்று கேட்டால் தயங்குவேன். 2018இல் இந்தியப் பெண்கள் அணிக்கான தேர்வில் அவர் பெயர் முன்னணியில் இருந்தும், பெங்களூரு அணிப் பொறுப்பை விட முடியாததால் அந்த வேலை நம் டபிள்யூ.வி. ராமனுக்குப் போனது, ராமனின் அணி 2020 டி20 உலகக் கோப்பை இறுதிவரை சென்றது. அவரும் இடக்கைத் தொடக்க ஆட்டக்காரர்தான், 1992இல் தென்னாப்பிரிக்க மண்ணில் ஒருநாள் சதம் அடித்த முதல் இந்தியர். இளம் பெண்களுக்கு விவரமாக உட்கார்ந்து விளக்க வேண்டிய அந்த அணிக்கு, இருவரில் பொருத்தமானவர் ராமனே என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.